வின்ச் கேபிளை ஒட்டுப்போட முடியாது: எம்35 லாரி வைத்திருக்கும் நண்பருக்கு

உங்கள் கேள்வி இது. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விற்ற எம்35ஏ2 லாரியை வாங்கியிருக்கிறீர்கள். முன்பக்க வின்சின் (புதைந்த வண்டியை இழுக்க, டிரம் என்ற உருளையில் கேபிளைச் சுற்றும் கருவி) கேபிள் பல வருடமாகப் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. கொக்கிப் பக்கம் சில கம்பிகள் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஓரிடத்தில் மடங்கிய தழும்பும் இருக்கிறது. இதை வெல்டிங் வைத்தோ, கிளிப் போட்டு இணைத்தோ ஓட்டலாமா, இல்லை மாற்றியே ஆக வேண்டுமா? கூடவே, ஷேர் பின் (பாரம் மீறினால் தான் உடைந்து வின்சைக் காக்கும் ஊசி) அடிக்கடி உடைகிறது, அந்த இடத்தில் நல்ல போல்ட் ஒன்றைப் போட்டுவிடலாமா?

முதலில் நேரடியான பதில். வின்ச் கேபிளின் நடுப்பகுதிக்கு ரிப்பேர் என்று ஒன்று கிடையாது. கெட்டது கொக்கி முனையிலிருந்து சில அடிக்குள் என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியில் புதிய கண்ணி போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளே கெட்டிருந்தால் முழுக் கேபிளையும் மாற்றத்தான் வேண்டும். ஷேர் பின் இடத்தில் போல்ட் போடவே கூடாது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், கேபிளின் கணக்கு புரிந்தால்தான் அது விளங்கும்.

இந்த வகை லாரிகளில் வழக்கமாக வருவது அரை அங்குல எஃகுக் கேபிள். பார்க்க ஒரே கம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே ஆறு புரிகள், ஒவ்வொரு புரியிலும் இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் மெல்லிய கம்பிகள், நடுவில் ஒரு கோர். இழுவை வரும்போது இத்தனை கம்பிகளும் ஒன்றின் மேல் ஒன்று லேசாக வழுக்கிப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படி வழுக்க முடிவதால்தான் இது டிரம்மில் வளைந்து சுற்றுகிறது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் கம்பிகள் இறுகிப்போய் வழுக்கல் நின்றுவிடும். அதோடு, இழுத்து உறுதியாக்கிய எஃகு சூடு பட்டதும் தன் பலத்தை இழக்கிறது. அடுத்த பெரிய இழுப்பில் வெல்டுக்கு ஒட்டினாற்போலவே அறுந்துபோகும். இரண்டு துண்டுகளைக் கிளிப்பால் இணைத்தாலும் அந்த முடிச்சு டிரம்மில் சுற்றும்போது அடுத்தடுத்த அடுக்குகளை நசுக்கும். புரி பிரித்துப் பின்னி நீளக் கேபிள்களை இணைக்கும் கலை ஒன்று இருக்கிறது, அது ரோப்கார் போன்ற இடங்களுக்கு உரியது. வின்சுக்கு அது வேண்டாம்.

சரி, உங்கள் கேபிள் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சமதளமான இடத்தில் லாரியை நிறுத்தி, டிரம் கிளட்ச்சை விடுவித்து, கேபிளைக் கடைசிச் சுற்று வரை வெளியே இழுத்துப் போடுங்கள். மேலே தெரியும் அடுக்கைப் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மேல் அடுக்கில் காற்றும் வெயிலும் படுவதால் அது காய்ந்துவிடும். மழைத்தண்ணீர் வடிந்து தங்குவது அடி அடுக்குகளில். வெளியே பழுப்பாக இருக்கும் கேபிள் அடியில் செதில் செதிலாக உரிவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கடைசி முனை டிரம்மில் மாட்டியிருக்கும் இடம்வரை பார்க்கவேண்டும்.

தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பழைய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். அறுந்த கம்பி துணியில் மாட்டும். மாட்டும் இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். கையுறை இருந்தாலும் ஓடுகிற கேபிளைக் கையில் வழுக்கவிடக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி போதும், தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் குறி போட்ட இடங்களில் எண்ண வேண்டும். ஒரு புரியின் மேல் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, அதே புரி கேபிளை ஒரு முறை முழுதாகச் சுற்றி மறுபடி மேலே வரும் இடத்தில் இன்னொரு புள்ளி வையுங்கள். அரை அங்குலக் கேபிளில் இந்தத் தூரம் ஏறக்குறைய மூன்றேகால் அங்குலம் வரும். இதை ஒரு முறுக்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் கிரேனில் ஓடும் கேபிளுக்கு வைத்திருக்கும் அளவு: ஒரு முறுக்கு நீளத்துக்குள் இங்கொன்று அங்கொன்றாக ஆறு கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ அந்தக் கேபிளை ஒதுக்கிவிட வேண்டும். உங்களுடையது கிரேன் இல்லை. ஆனால் இந்த அளவையே நீங்களும் வைத்துக்கொள்வது நல்லது, அறுந்தால் வரும் சேதம் ஒன்றுதான்.

அறுந்த கம்பி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். புரியின் முதுகில், அதாவது வெளியே உரசும் இடத்தில் அறுந்திருந்தால் அது தேய்மானம், மெதுவாக வளரும். இரண்டு புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அறுந்திருந்தால் கோர் நசுங்கியிருக்கிறது அல்லது புரிகள் ஒன்றையொன்று அரிக்கின்றன என்று அர்த்தம். வெளியே ஒன்று தெரிந்தால் உள்ளே பல இருக்கும். பள்ளத்திலிருந்து செம்பொடி உதிர்ந்தாலும் அதே செய்திதான். மரப்பிடி போட்ட கூரான ஆணியைப் புரிகளுக்கு நடுவே செலுத்தி லேசாகத் திறந்து கோரைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்து தூளானால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

விட்டத்தையும் அளக்க வேண்டும். வெர்னியரின் தாடைகள் எதிரெதிர்ப் புரிகளின் முதுகைத் தொடவேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புரிகளின் மேல் படுத்துக்கிடக்கும்படி வைத்தால் குறைவான அளவு காட்டும். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ., புதுக் கேபிள் இதைவிடச் சற்றுத் தடிமனாகத்தான் வரும். 5 சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12.1 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் அதன் காலம் முடிந்தது. டிரம் பக்கம், நடு, கொக்கிப் பக்கம் என்று பல இடங்களில் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மடங்கிய தழும்புக்கு வருகிறேன். கேபிள் சுருண்டு வளையம் விழுந்து, அந்த வளையம் அவிழாமல் இழுபட்டு இறுகினால் உண்டாவது அது. சுத்தியலால் தட்டி நேராக்கிவிடலாம், நேராகத் தெரியவும் செய்யும். ஆனால் அங்கே புரிகள் தங்கள் இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டன, இனி பாரத்தைச் சமமாகப் பங்கிடாது. தழும்பு உள்ள இடத்திலேயே வெட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. புரிகள் கூண்டு மாதிரி உப்பி நிற்கும் இடத்துக்கும் இதே தீர்ப்பு.

முனையை மட்டும் வெட்டினால் போதும் என்ற நிலை வந்தால், வெட்டுவதற்கு முன் வெட்டுமிடத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய இரும்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். கட்டாமல் வெட்டினால் முறுக்கு பிரிந்து கோர் வழுக்கி, பல அடிக்குக் கேபிள் தளர்ந்துவிடும். கிரைண்டரின் வெட்டுத் தட்டு சுத்தமாக வெட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

புதுக் கண்ணிக்கு முதல் தேர்வு, கேபிளைக் கழற்றி எடுத்துப்போய் கேபிள், கொக்கி வேலை செய்யும் ரிக்கிங் கடையில் திம்பிள் (கண்ணியின் உள்வளைவைக் காக்கும் உலோக வளைவு) வைத்துப் புரி மடக்கி, எஃகுக் குழல் போட்டு அமுக்கி வாங்குவது. அந்தக் கண்ணி கேபிள் பலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தாங்கும். புல்டாக் கிளிப் போட்டுச் செய்தால் 80 சதவீதம், அதுவும் சரியாகப் போட்டால்தான். அரை அங்குலத்துக்குக் குறைந்தது மூன்று கிளிப்புகள், அடித்து உருவாக்கிய எஃகுக் கிளிப்புகள். கடையில் மலிவாகக் கிடைக்கும் வார்ப்புக் கிளிப்பைத் தொடாதீர்கள். மடக்கி வரும் வால் பதினொன்றரை அங்குலம் இருக்கவேண்டும். நட்டுகளை 65 அடி-பவுண்டு முறுக்குக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். கிளிப்பின் தடித்த இருக்கைப் பகுதி பாரம் வரும் நீளக் கேபிளின் மேல் உட்கார வேண்டும், யூ வடிவப் போல்ட் வாலைத்தான் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரம் தாங்கும் கம்பிகளையே நசுக்கிவிடும். ஒன்றை இப்படி ஒன்றை அப்படி என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பதைப் பழைய லாரிகளில் அடிக்கடி பார்க்கலாம், அதுவும் தவறு. முதல் கிளிப் வால் முனைக்குப் பக்கத்தில், அடுத்தது திம்பிளை ஒட்டி, மூன்றாவது நடுவில். கொஞ்சம் பாரம் கொடுத்து இழுத்தபின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். பாரத்தில் கேபிள் மெலிவதால் முதல் இழுப்புக்குப் பின் நட்டுகள் நிச்சயம் தளர்ந்திருக்கும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பல வருடம் பிரிக்காத கேபிளை முழுதாக மாற்றுவதுதான் என் யோசனை. கடையில் இப்படிக் கேளுங்கள்: அரை அங்குலம், 6×19 வகை (ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பதை ஒட்டிய கம்பிகள்), வலது முறுக்கு, எஃகுக் கோர், கூடுதல் பலத் தரம். ஒரு முனையில் தடித்த திம்பிளோடு அமுக்கிய கண்ணி, மறுமுனை பிரியாதபடி கட்டியோ உருக்கி ஒட்டியோ இருக்கவேண்டும். இந்தக் கேபிளின் குறைந்தபட்ச அறுபலம் 26,600 பவுண்டு. நார்க் கோர் போட்ட சாதாரணத் தரம் என்றால் 21,400 தான், அதுவும் நார்க் கோர் அடுக்கடுக்காகச் சுற்றும்போது சீக்கிரம் நசுங்கும். எடை அடிக்கு 0.46 பவுண்டு, ஆக 200 அடி வாங்கினால் 92 பவுண்டு. இரண்டு பேராகத் தூக்குங்கள்.

புதுக் கேபிள் கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே, டிரம்மில் ஏற்றும் விதத்தால்தான். சுருளைத் தரையில் படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, வளையம் விழுந்து, நீங்கள் வெட்டி எறிந்த அதே தழும்பு திரும்ப வந்துவிடும். சுருளைத் தரையில் உருட்டிக்கொண்டே போய் நீளமாகப் போடுங்கள். அதற்கு முன் டிரம்மைச் சுரண்டித் துருவை எடுத்து, விளிம்புகளில் கூரான முனை இருந்தால் அரம் போட்டு மழுக்குங்கள். கேபிள் எந்தத் திசையில் சுற்றியிருந்ததோ அதே திசையில்தான் சுற்றவேண்டும். இந்த வின்சின் தானியங்கி பிரேக் ஒரு திசையில்தான் பாரத்தைப் பிடிக்கும், மாற்றிச் சுற்றினால் பிரேக் இல்லாத வின்ச் ஆகிவிடும்.

முதல் அடுக்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டபடி இடைவெளி இல்லாமல் உட்காரவேண்டும், தேவையானால் மரக்கட்டை வைத்துத் தட்டி நெருக்குங்கள். மீதியைப் பாரத்தோடு ஏற்றவேண்டும். கொக்கியை இன்னொரு வண்டியில் மாட்டி, அதன் பிரேக்கை லேசாக அழுத்தச் சொல்லி, உங்கள் வின்சால் அந்த வண்டியை மெதுவாக இழுங்கள். கையால் தளர்வாகச் சுற்றிய கேபிளில் பெரிய பாரம் வந்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்கைப் பிளந்துகொண்டு உள்ளே புதைந்துவிடும். அப்புறம் அதை வெளியே எடுப்பதற்குள் இரண்டும் நசுங்கியிருக்கும்.

இதோடு சேர்ந்த ஒரு வேலை டிரம் டிராக் பிரேக். கேபிளைக் கையால் இழுக்கும்போது டிரம் தேவைக்கு மேல் ஓடாமல் உரசிப் பிடிப்பது அதுதான். அது தேய்ந்திருந்தால் இழுப்பதை நிறுத்திய பின்பும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகள் தளர்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். கேபிள் கெட்டது என்று பலர் நினைக்கும் இடத்தில் உண்மையில் கெட்டது இந்தச் சின்ன பிரேக். கையால் இழுத்தால் வரவும் வேண்டும், நிறுத்தியவுடன் நிற்கவும் வேண்டும், அந்த அளவுக்குச் சரிசெய்து வையுங்கள்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சேற்றில் வேலை முடிந்தால் கேபிளை முழுதாக இழுத்துப் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் தடவி, பாரத்தோடு திரும்பச் சுற்றவேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம். கோரில் இருக்கும் எண்ணெயை விரட்டிவிட்டுத் தண்ணீரை உள்ளே அடைத்துவிடும். கெட்டி கிரீஸை மேலே பூசுவதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். அது வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு சொட்டும் இறங்காது, மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புரிக்குள் ஊறிப்போகும் மெல்லிய கேபிள் எண்ணெய்தான் சரி. அது கிடைக்காத இடத்தில் எஞ்சின் ஆயிலே போதும்.

எஃகுக்குப் பதில் டைனீமா போன்ற செயற்கைக் கயிறு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடை எஃகில் ஏழில் ஒரு பங்குதான், அறுந்தாலும் எஃகு அளவுக்குச் சாட்டையடி அடிக்காது. இரண்டும் உண்மையான நன்மைகள். ஆனால் இந்த டிரம்களின் முரட்டு மேற்பரப்பும், வெயிலும், மணலும், வெப்பமும் அதற்குப் பகை. 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் குறையத் தொடங்கும். டிரம்மை வழவழப்பாக்கி, மேலே உறையும் போட்டு வைப்பதாக இருந்தால் போடுங்கள். வருடம் முழுக்கத் திறந்த வெளியில் நிற்கும் லாரிக்கு நான் எஃகையே சொல்வேன்.

இனி ஷேர் பின். வின்சுக்கு வரும் ஓட்டு ஷாஃப்டில் இருக்கும் அந்தச் சின்ன ஊசி, அளவுக்கு மீறிய பாரம் வந்தால் தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றுகிறது. கணக்கைப் பாருங்கள். உங்கள் வின்சின் இழுவைத் திறன் 10,000 பவுண்டு, அதுவும் டிரம்மின் முதல் அடுக்கில் மட்டும். கேபிள் 26,600 தாங்கும், கிளிப் கண்ணி என்றால் 80 சதவீதம், அதாவது சுமார் 21,300. ஆக, புதுக் கேபிளிலேயே கையிருப்பு இரண்டு மடங்குதான், தேய்ந்த கேபிளில் அதுவும் இல்லை. பின் இடத்தில் உறுதியான போல்ட் போட்டால் கியர்களின் பெருக்கத்தோடு லாரி எஞ்சினின் முறுக்கு அப்படியே டிரம்முக்கு வரும். அடுத்து உடைவது வின்சின் புழு கியராக இருந்தால் செலவோடு போகும். கேபிளாக இருந்தால் அது லாரியின் முன்கண்ணாடியை நோக்கித் திரும்பி வரும், கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

பின் அடிக்கடி உடைவதற்குக் காரணம் தேடவேண்டும். ஷாஃப்டில் பின் உட்காரும் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் பின் ஒவ்வொரு முறையும் அடிவாங்கி, அளவான பாரத்திலேயே உடையும். கியர் பெட்டியில் தண்ணீர் புகுந்து எண்ணெய் வெள்ளையாகக் கூழாகியிருக்கலாம். தானியங்கி பிரேக் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம். இவை மூன்றையும் பார்த்துவிட்டு, கையேட்டில் சொன்ன பின்னையே போடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உடைகிறது என்றால், நீங்கள் வின்சிடம் கேட்பது அதன் சக்திக்கு மேல். அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் கையேடுகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சக்கர ஆழத்துக்குச் சேற்றில் புதைந்த வண்டியை எடுக்க அதன் எடை அளவு இழுவை வேண்டும். மட்கார்டு ஆழம் என்றால் இரண்டு மடங்கு, கேபின் ஆழம் என்றால் மூன்று மடங்கு. உங்கள் லாரி காலியாகவே சுமார் 13,000 பவுண்டு. சக்கரம் புதைந்தாலே 10,000 பவுண்டு வின்சுக்கு நேர் இழுப்பில் முடியாத வேலை. போதாததற்கு, டிரம்மில் அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். டிரம் விட்டம் 5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் நான்காம் அடுக்கில் கிடைப்பது சுமார் 6,500 பவுண்டுதான். அருகிலேயே உள்ள மரத்தில் மாட்டி, டிரம் நிறையக் கேபிளை வைத்துக்கொண்டு இழுப்பவர்களுக்குப் பின் உடையாமல் என்ன செய்யும்?

இதற்கு வழி ஸ்னாட்ச் பிளாக், அதாவது பக்கம் திறக்கும் கப்பி. அதை மரத்தில் அகலமான பட்டையால் கட்டி, கேபிளை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து உங்கள் லாரியின் சேக்கிளிலேயே (இழுவைக்கான யூ வடிவ வளையம்) மாட்டுங்கள். உராய்வு போக ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை கிடைக்கும், கேபிளில் வரும் பாரம் பாதியாகும். இரு மடங்கு நீளம் வெளியே போவதால் டிரம்மும் அடி அடுக்குக்கு வந்து முழுப் பலத்தில் இழுக்கும். ஆனால் இரண்டு பக்கக் கேபிளின் பாரமும் சேர்ந்து விழுவது மரத்தின் மேல், அதனால் மரத்தையும் பட்டையையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கப்பியின் பள்ளம் அரை அங்குலக் கேபிளுக்கு உரியதாக இருக்கவேண்டும், குறுகலாக இருந்தால் கேபிளைக் கிள்ளும். எவ்வளவு வெளியே விட்டாலும் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். முனையைப் பிடித்திருக்கும் திருகு பாரம் தாங்குவதற்கானதல்ல, பிடிப்பைக் கொடுப்பது அந்தச் சுற்றுகள்தான். இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் வெளியே இருக்கும் கேபிளின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்கட்டும், கப்பி வளைக்கும் கோணத்தின் உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கருவிப் பெட்டியில் சரியான ஷேர் பின் நாலைந்து எப்போதும் கிடக்கட்டும். காட்டுக்குள் பின் தீர்ந்துபோகும்போதுதான் கை போல்ட்டைத் தேடும்.